மெமரி தீர்ந்தால் கெர்னல் என்ன செய்யும்? நான் படித்த வழி

ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் பேஜிங் (மெமரியைப் பேஜ் எனும் சம அளவுத் துண்டுகளாகக் கையாளுவது), ஸ்வாப்பிங் (அவற்றை டிஸ்க்குக்கு மாற்றுவது), திராஷிங் (வேலையைவிட இந்த மாற்றலிலேயே நேரம் போவது) எல்லாம் தனித்தனி தலைப்புகளாக வரும். நான் அவற்றை ஒரே கேள்விக்குள் கொண்டுவந்து படித்தேன்: ராம் நிரம்பிவிட்டது, ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) இன்னொரு பேஜ் கேட்கிறது, இப்போது கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) என்ன செய்யும்? இப்படிப் படித்ததில் எதற்குப் பின் எது என்ற வரிசை தானாகவே மனதில் நின்றது.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். லினக்ஸில், குறைந்த ராம் கொடுத்த ஒரு விர்ச்சுவல் மெஷினில், மேலாக் (மெமரி கேட்கும் சி ஃபங்ஷன்) மூலம் சில நூறு எம்பி மட்டும் கேட்டு நிற்கும் சின்ன சி புரோகிராம் எழுதுங்கள். டாப் கட்டளையில் விர்ச்சுவல் அளவு (கேட்ட முகவரிகள்) சட்டென்று ஏறும், ரெசிடென்ட் அளவு (உண்மையில் பிடித்த ராம்) அசையவே அசையாது. அப்புறம் 4096 பைட்டுக்கு (பொதுவாக ஒரு பேஜின் அளவு) ஒரு பைட் வீதம் எழுதிக்கொண்டே போங்கள். ஒரு பேஜில் முதல் முறை எழுதும்போது பொதுவாக ஒரு பேஜ் ஃபால்ட் (பேஜ் ராமில் இல்லாததால் வேலை கெர்னலிடம் போவது) வரும். ரெசிடென்ட் அளவு இப்போதுதான் ஏறத் தொடங்கும். கேட்டபோது கிடைத்தது முகவரி மட்டுமே, தொட்டபோதுதான் ராம் கிடைத்தது. ஓவர்கமிட் (இருக்கும் ராமைவிட அதிகம் தர ஒப்புக்கொள்வது) என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பக்கமும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

இதையே லூப்பில் கேட்டுக் கேட்டு எழுதினால் நெருக்கடி வரும். டிஸ்க்கில் அப்படியே பிரதி இருக்கும் ஃபைல் பேஜ்களைக் கைவிடுவது கெர்னலுக்குச் சுலபம். மாற்றப்பட்ட ஃபைல் பேஜ்களை முதலில் டிஸ்க்கில் எழுதியாக வேண்டும். ஹீப், ஸ்டாக் (ப்ராசஸ் ஓடும்போது தன் தரவை வைக்கும் இடங்கள்) பேஜ்களுக்குப் பின்னால் ஃபைல் கிடையாது, ஆகவே அவற்றுக்கு ஸ்வாப் (டிஸ்க்கில் இதற்கென ஒதுக்கிய இடம்) வேண்டும். பின்னணியில் கேஸ்வாப்டி என்ற கெர்னல் த்ரெட் இந்த வேலையைச் செய்கிறது. அதனால் ஈடுகொடுக்க முடியாதபோது, மெமரி கேட்ட ப்ராசஸே நின்று இடத்தை விடுவிக்க வேண்டிவரும். மெஷின் திணறுவது இதனால்தான்.

எதுவும் பலிக்காவிட்டால் ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர்: ஒரு ப்ராசஸைக் கொன்று மெமரியை மீட்கும் கெர்னல் பகுதி. கடைசியாகக் கேட்ட ப்ராசஸ்தான் பலியாகும் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. ராம், ஸ்வாப், பேஜ் டேபிள் மூன்றிலும் சேர்த்து அதிகம் வைத்திருப்பதற்கே பலியாகும் மதிப்பெண் அதிகம். அதன் மேல் −1000 முதல் 1000 வரை ஒரு திருத்தம் உண்டு. −1000 கொடுத்த ப்ராசஸைத் தொடாது. அனுப்பப்படும் சிக்னல் 9, அதைத் தடுக்க முடியாது. ஷெல்லில் எக்ஸிட் கோடு 137 என்று தெரிந்தால் அது 128 கூட்டல் 9.

கணக்குகளில் பெலேடி முரணை (ஃப்ரேம், அதாவது பேஜ் வைக்கும் ராம் இடம், கூடியும் ஃபால்ட் கூடுவது) ஒருமுறை கையால் போடுங்கள்; பேஜ்கள் கேட்கப்படும் வரிசை 1,2,3,4,1,2,5,1,2,3,4,5. ஃபிஃபோவில் (முதலில் வந்த பேஜை முதலில் வெளியேற்றுவது) 3 ஃப்ரேமுக்கு 9 ஃபால்ட், 4 ஃப்ரேமுக்கு 10. எல்ஆர்யுவில் (நெடுநேரம் பயன்படுத்தாத பேஜை வெளியேற்றுவது) இந்த முரண் வராது.

திராஷிங்குக்கு 1968இல் பீட்டர் டென்னிங் முன்வைத்த வொர்க்கிங் செட் (ஒரு ப்ராசஸ் அண்மையில் பயன்படுத்திய பேஜ்களின் தொகுப்பு) கருத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிபியு சும்மா இருக்கிறது, பேஜிங் டிஸ்க் ஓயாமல் ஓடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டால், வேகமான சிபியு என்று எழுதாதீர்கள். ராமைக் கூட்டலாம், அல்லது சில ப்ராசஸ்களை முழுவதுமாக வெளியே அனுப்பி மற்றவற்றின் வொர்க்கிங் செட்டுக்கு இடம் தரலாம்.