ஏ4 எஞ்சினைப் பார்க்க லண்டனிலிருந்து யார்க்குக்கு

யார்க்கில் உள்ள தேசிய ரயில்வே மியூசியத்துக்குப் போகிறவர்கள் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறுவதுதான் நல்லது. 188 மைல் தூரம், விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஏ4 என்ற வகை விரைவு நீராவி எஞ்சின்கள் கால் நூற்றாண்டுக்கு மேல் ராஜ்யம் செய்த பாதை இது. மியூசியத்தில் நிற்கும், வேக சாதனை செய்த ‘மல்லார்ட்’ என்ற ஏ4ஐ முதலில் பார்த்துவிட்டுப் பாதையைப் பார்த்தால் பாதி விஷயம் புரியாமல் போய்விடும்.

கிங்ஸ் கிராஸில் டிக்கெட் அலுவலகத்துக்கு அருகே ஏ4ஐ வடிவமைத்த சர் நைஜல் கிரெஸ்லியின் சிலை இருக்கிறது. 1923இல் எல்.என்.இ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே) கம்பெனி உருவானதிலிருந்து 1941 ஏப்ரலில் இறக்கும்வரை அதன் தலைமை இயந்திரப் பொறியாளர் அவர். (இன்று அதே பெயரில் இந்தப் பாதையில் ரயில் ஓட்டும் நிறுவனம் 2018இல் வந்தது, பழைய கம்பெனி 1948இல் தேசியமயமானதோடு முடிந்துவிட்டது.)

1933இல் ஜெர்மனியில் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே டீசல் ரயில் ஓட ஆரம்பித்தது. அதேபோல் ஒன்றை லண்டனிலிருந்து நியூகாசிலுக்கு விட்டால் எத்தனை நேரம் ஆகும் என்று எல்.என்.இ.ஆர். கேட்டது. மூன்றே பெட்டி, நாலேகால் மணி நேரம் என்றது டீசல் தரப்பு. கிரெஸ்லி தன்னிடமிருந்த சாதாரண ஏ3 நீராவி எஞ்சினை எடுத்துச் சோதித்தார். 1935 மார்ச்சில் ‘பப்பைரஸ்’ என்ற ஏ3 மணிக்கு 108 மைல் தொட்டது. முழு நீள ரயிலை நான்கு மணி நேரத்தில் நீராவியே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது அதோடு உறுதியானது.

ஏ3யைத் திருத்திச் செய்ததே ஏ4. பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 220 பவுண்டிலிருந்து 250 ஆனது. மூன்று சிலிண்டர்களும் 19 அங்குலத்திலிருந்து 18½ அங்குலமாகச் சுருங்கின. பிஸ்டன் நகரும் தூரமான ஸ்ட்ரோக் 26 அங்குலம். சிலிண்டருக்குள் நீராவியை விடும் பிஸ்டன் வால்வுகளின் விட்டம் 8 அங்குலத்திலிருந்து 9 ஆனது. எஞ்சினை நகர்த்தும் ஓட்டுச் சக்கரத்தின் விட்டம் 6 அடி 8 அங்குலம், மாறவில்லை. ஆப்பு வடிவ முகப்பைத்தான் எல்லோரும் புகைப்படம் எடுக்கிறார்கள். காற்றைக் கிழிப்பதோடு புகையை மேலே தூக்கி ஓட்டுநரின் கண்ணை மறைக்காமல் விடுவதும் அதன் வேலை. ஆனால் ஏ4இன் வேகம் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கிறது. பாய்லரிலிருந்து சிலிண்டர் வரை, சிலிண்டரிலிருந்து புகைபோக்கி வரை நீராவி முட்டி மோதாமல் போவதற்காகக் குழாய்களின் வளைவுகளையெல்லாம் வழவழப்பாக்கினார்கள். அந்த நெரிசல் குறைந்ததுதான் ஏ3யிடம் இல்லாத வேகம்.

முதல் எஞ்சின் ‘சில்வர் லிங்க்’. 1935 செப்டம்பர் 27 அன்று பத்திரிகையாளர்களை ஏற்றிக்கொண்டு கிங்ஸ் கிராஸிலிருந்து கிளம்பி 112½ மைல் வேகம் தொட்டது. 43 மைல் தூரம் சராசரியாக நூறு மைல் வேகத்தில் ஓடியது. மூன்று நாளில் ‘சில்வர் ஜூபிலி’ சேவை தொடங்கியது. மற்ற எஞ்சின்கள் தயாராகாததால் முதல் இரண்டு வாரமும் நியூகாசில் போய்த் திரும்பும் 536 மைலை சில்வர் லிங்க் ஒன்றே வார நாளெல்லாம் ஓடியது. பணிமனையை விட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகாத எஞ்சின் இப்படி ஓடியதை அந்த வேக சாதனைக்கும் மேலாக வைக்கலாம்.

வண்டி பீட்டர்பரோவைத் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்புங்கள். ஸ்டோக் சரிவு இங்கேதான். மைல்கல் எல்லாம் கிங்ஸ் கிராஸிலிருந்து எண்ணப்படுகிறது. பீட்டர்பரோ 76, உச்சி 100வது மைலில். 178 அடிக்கு 1 அடி, 200 அடிக்கு 1 அடி என்ற அளவில் வடக்கு நோக்கி ஏற்றம். தெற்கே வருகிற வண்டிக்கு நீண்ட இறக்கம். எசென்டைன், லிட்டில் பைதம் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே 90¼ மைலில்தான் 1938 ஜூலை 3 அன்று ‘மல்லார்ட்’ 126 மைல், அதாவது 203 கி.மீ. வேகம் தொட்டது. நிற்காத வண்டியானால் பீட்டர்பரோவிலிருந்து ஏழெட்டு நிமிடத்தில் அந்த இடம் வந்துவிடும். இன்றைய ரயிலின் உச்ச வேகமும் அங்கே 125 மைல்தான். ஆக ஓட்டுநர் ஜோசப் டடிங்டனும் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் தாமஸ் பிரேயும் எந்த வேகத்தில் போனார்கள் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே உணரலாம்.

பிரேக் சோதனை என்று சொல்லித்தான் அன்று வண்டியை எடுத்தார்கள். ஆறு பெட்டி, கூடவே ஓர் அளவீட்டுப் பெட்டி, மொத்தம் சுமார் 240 டன். பாதை வேலை நடந்ததால் சரிவுக்கு வடக்கே உள்ள கிரான்தமை வெறும் 24 மைல் வேகத்தில்தான் கடக்க முடிந்தது. அங்கிருந்து ஏறி, உச்சியில் 75ஐ நெருங்கி, பிறகு நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை முழுக்கத் திறந்து, கட்-ஆஃப் (பிஸ்டன் ஓட்டத்தில் நீராவி உள்ளே விடப்படும் பங்கு) 40 சதவீதத்தில் இறங்கினார்கள். 126 மைல் என்றால் அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 530 சுற்று சுற்றுகிறது. ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு விநாடிக்குள் ஒன்பது முறை போய் வருகிறது. மல்லார்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதிலிருந்த கைல்சாப் இரட்டைப் புகைபோக்கி. வெளியேறும் நீராவி பின்னழுத்தம் கொடுக்காமல் போக அது வழி செய்தது. அப்போது நான்கு ஏ4களில்தான் அது இருந்தது. 1958க்குள் எல்லாவற்றுக்கும் பொருத்தினார்கள்.

கிரெஸ்லி 126ஐ ஏற்கவில்லை. 125 என்றே சொல்லிவந்தார். 126 என்ற எண் உள்ள பட்டயத்தை எஞ்சினில் பொருத்தியது 1948இல், அவர் இறந்து ஏழு வருடம் கழித்து.

ஓட்டத்தின் முடிவில் நடு சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டனின் இணைப்புத் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடம்) சூடாகி அதன் உள்பூச்சான வெள்ளை உலோகம் உருகியது. வண்டி பீட்டர்பரோவில் நிற்க, அங்கிருந்து லண்டனுக்குப் பழைய அட்லாண்டிக் வகை எஞ்சின் ஒன்று இழுத்துப் போனது. நடு பேரிங் வெளியே தெரியாது என்பதால், சூடானால் உடைந்து சோம்பு வாசனை கிளப்பும் குப்பி ஒன்றை முன்கூட்டியே அதற்குள் வைத்திருந்தார்கள். ஓட்டுநருக்குத் தகவல் சொன்னது அந்த வாசனைதான்.

ஏ4களில் தொந்தரவு கொடுப்பது ஏன் எப்போதும் நடு பேரிங்? வெளியே உள்ள இரண்டு சிலிண்டர்களுக்குத் தலைக்கு ஒரு வால்சார்ட்ஸ் வால்வு கியர், அதாவது வால்வை அசைக்கும் அமைப்பு, உண்டு. நடு சிலிண்டருக்குத் தனிக் கியர் கிடையாது. மூன்று கிராங்குகளும் ஏறக்குறைய 120 டிகிரி இடைவெளியில் இருப்பதால், வலது இடது வால்வுகளின் அசைவைக் கூட்டி எதிர்த்திசையில் திருப்பினால் நடு வால்வின் அசைவு கிடைத்துவிடும். அந்தக் கூட்டலைச் செய்வது சிலிண்டர்களுக்கு முன்னால் கிடக்கும் இரண்டு நெம்புகோல்கள். பெரியதன் கைகள் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம். அதன் நீண்ட முனை ஒரு பக்க வால்வுத் தண்டில் மாட்டியிருக்கும், குட்டை முனையில் இரண்டு கைகளும் சமமான ‘சமகை’ நெம்புகோலின் நடுப்புள்ளி. சமகையின் ஒரு முனை மறுபக்க வால்வுக்கு, மற்ற முனை நடு வால்வுக்கு. எடை குறைவு, உறுப்புகள் குறைவு, அழகான கணக்கு.

ஆனால் பின்கள் தேயத் தேய, ஒவ்வொரு மூட்டிலும் உண்டாகும் ஆட்டம் எல்லாம் கடைசியில் நடு வால்வில் போய்ச் சேர்கிறது. வெளி வால்வுத் தண்டுகள் சூட்டில் நீள்வதும் அங்கேதான் பிழையாக வருகிறது. போதாக்குறைக்கு, புகைப்பெட்டியைச் சுத்தம் செய்யும்போது கொட்டும் சாம்பல் நேராக அந்த மூட்டுகளின் மேல் விழும். வேகம் கூடும்போது நடு வால்வு தன் வேகத்திலேயே அளவுக்கு மேல் ஓடி, நடு சிலிண்டருக்குப் பங்கைவிட அதிக நீராவியை விடுகிறது. சுமை முழுக்க பிக் எண்ட் தலையில். நன்கு பராமரித்த எஞ்சினில் இது தொந்தரவே அல்ல. போர்க்காலத்தில் பராமரிப்பு குறைந்ததும் தினசரித் தலைவலியானது. 1951இல் சுவிண்டன் பணிமனையிலிருந்து ஏ4களின் பணிமனையான டான்காஸ்டருக்கு வந்த கே.ஜே. குக், சட்டகங்களையும் அச்சுகளையும் ஒளியியல் கருவியால் அளந்து நேராக்கும் முறையைக் கொண்டுவந்தார். நடு பேரிங்கின் அமைப்பையும் மாற்றினார். ஏ4களின் மிக நல்ல காலம் அதற்குப் பிறகுதான் வந்தது என்பது எங்கள் கருத்து. 1954 முதல் ‘எலிசபெதன்’ ரயில் எடின்பரோ வரையிலான 393 மைலை இடையில் எங்கும் நிற்காமல் ஆறரை மணி நேரத்தில் ஓடியது.

நிற்காமல் ஓட இன்னொரு ஏற்பாடும் தேவைப்பட்டது: எஞ்சினுக்குப் பின்னால் கரியும் நீரும் சுமக்கும் டெண்டரின் பக்கவாட்டில் 18 அங்குல அகலம், 5 அடி உயரத்தில் ஒரு நடைவழி. பெட்டியில் காத்திருக்கும் இரண்டாவது ஓட்டுநர்-ஃபயர்மேன் ஜோடி குனிந்து அதன் வழியாக வந்து பாதி தூரத்தில் வேலையை ஏற்கும்.

யார்க் மியூசியம் ஸ்டேஷனின் பின்புறம், நடக்கும் தூரம். நுழைவு இலவசம். மல்லார்ட் நிற்கும் கிரேட் ஹால் பழைய யார்க் நார்த் எஞ்சின் ஷெட் இருந்த இடம். 1942 ஏப்ரல் 29 அதிகாலை விழுந்த குண்டில் ‘சர் ரால்ஃப் வெட்ஜ்வுட்’ என்ற ஏ4 இங்கேதான் அழிந்தது. 35 எஞ்சின்களில் போரில் போனது அது ஒன்றே.

மல்லார்டின் பக்கங்களில் சக்கரங்களைப் பாதி மூடும் தகடுகளைக் கவனியுங்கள். எண்ணெய் விடவும் பழுது பார்க்கவும் இடைஞ்சலாக இருந்ததால் போர்க்காலத்தில் எல்லா ஏ4களிலும் அவற்றைக் கழற்றிவிட்டார்கள். மல்லார்டுக்கு மியூசியத்துக்காக மீண்டும் மாட்டியது. அளவீட்டுப் பெட்டி பார்வைக்கு இருந்தால் தவறவிடாதீர்கள். தண்டவாளத்தைத் தொட்டு ஓடும் தனிச் சிறு சக்கரம் ஒன்று காகிதச் சுருளை மைலுக்கு 24 அங்குலம் வீதம் இழுக்க, அதன்மேல் பேனாக்கள் வேகத்தையும் இழுவிசையையும் கோடாக வரையும். சாதனைக்குச் சாட்சி அந்தக் காகிதம்தான்.

தப்பிப் பிழைத்தவை ஆறு. அமெரிக்காவின் கிரீன் பேயில் ‘ட்வைட் டி. ஐசன்ஹோவர்’, கனடாவில் மாண்ட்ரியலுக்கு அருகே ‘டொமினியன் ஆஃப் கனடா’. பிரிட்டனில் மல்லார்டோடு ‘யூனியன் ஆஃப் சவுத் ஆஃப்ரிக்கா’, ‘பிட்டர்ன்’, ‘சர் நைஜல் கிரெஸ்லி’. 1937இல் பெயர் சூட்டிய ‘எம்பயர் ஆஃப் இந்தியா’ உடைக்கப்பட்டுவிட்டது. ஆறு பேரும் ஒன்றாக நின்றது 2013இல் யார்க்கிலும் 2014இல் ஷில்டனிலும்.

ஓடும் ஏ4 வேண்டுமென்றால் 60007 ‘சர் நைஜல் கிரெஸ்லி’யின் சுற்றுலா ரயில்களைத் தேடுங்கள். பக்கத் தகடு இல்லாததால் வெளி வால்வு கியர் முழுக்கத் தெரியும். டிக்கெட்டைப் பல மாதம் முன்பே எடுக்க வேண்டும். கோடையில் புல் காய்ந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தால் நீராவிக்குப் பதில் டீசல் எஞ்சினை மாட்டிவிடுவார்கள், ஆகவே மே மாதமோ செப்டம்பரோ நல்லது. டெண்டர் 5,000 கேலன் கொள்ளும். ஓடிக்கொண்டே நீர் அள்ளும் தொட்டிகள் பாதையில் இப்போது இல்லாததால் நூறு மைலுக்கு ஒருமுறை லாரி வந்து நிரப்பும்வரை நிறுத்துவார்கள். இறங்கி எஞ்சினைச் சுற்றிப் பார்க்க ஏற்ற நேரம் அதுதான். எந்த ஸ்டேஷனில் இறங்க விடுவார்கள் என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.