அண்ணாவின்ர மனு

மார்ச் 3
ஆட்கொணர்வு மனு போடப்போறம் எண்டு அம்மாவுக்குச் சொன்னன். போனில கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 2009ல வட்டுவாகலில ஆமியிட்டக் கையளிச்ச பிள்ளையளுக்காக வவுனியா மேல் நீதிமன்றத்தில போட்ட மனுக்கள்தான் அவவுக்கு ஞாபகம். அம்மா, அண்ணா காணாமல் போகேல்லை, அமெரிக்காவில லூசியானாக் குடிவரவுத் தடுப்பு முகாமில இருக்கிறார், நேற்றும் கதைச்சவர் எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னன். அழுதபடிதான் வச்சவ.

மார்ச் 4
தடுப்பில இருக்கிற ஆக்கள் எந்த முகாமில எண்டு காட்டுற லொக்கேட்டர் வெப்சைட்டில அண்ணாவின்ர ஏ நம்பரை, அதான் குடிவரவுக் கோப்பு நம்பரை, அடிச்சுப் பாத்தன். அதே இடம்.

மார்ச் 7
இந்த மனுவுக்கான போம் ஏஓ 242. எதிர்மனுதாரர் எண்ட இடத்தில அரசாங்கம் எண்டு போட்டாக் காணாது, அண்ணாவை அடைச்சு வச்சிருக்கிற வோர்டன்ர, அதான் முகாம் பொறுப்பாளற்ற, பேர் வேணும். மனுவும் அந்த ஊர் ஃபெடரல் கோர்ட்டிலதான் போடோணும், சுப்ரீம் கோர்ட்டின்ர 2004 படில்லா தீர்ப்பு அப்பிடி. ஸ்டேட்டன் ஐலண்டில இருக்கிற நான் இஞ்ச போடேலாது. அப்ப பதியிறதுக்கு முதல் இரவோட இரவா டெக்ஸஸுக்கு ஏத்தினா? முழுக்கத் திரும்ப முதல்ல இருந்தா? ஃபீஸ் 5 டொலர்தான். பயம் காசில இல்லை.

மார்ச் 9
மாமா எடுத்தவர். 2020ல எங்கட பெடியன் ஒருத்தன் ஹேபியஸ் எண்டுற இதே ஆட்கொணர்வு மனுவைப் போட்டு சுப்ரீம் கோர்ட் வரை போய்த் தோத்தவன் எல்லோ, ஏன் வீண் வேலை எண்டுறார். அவன் கேட்டது அசைலத்துக்கு இன்னொரு சான்ஸ். நாங்கள் கேக்கிறது வெளியில விடச்சொல்லி மட்டும்தான், இந்த மனுவே அதுக்குத்தானே இருக்கு. சிலோனுக்கு அனுப்பக்கூடாது எண்டு ஜட்ஜே சொல்லியாச்சு, வேற நாடு ஒண்டும் எடுக்கிறதாக் காணேல்லை, நாடுகடத்தல் உத்தரவு முடிவாகி ஆறு மாசமும் தாண்டிப்போச்சு. அனுப்ப வழி தெரியாத ஆளை அதுக்கு மேல அடைச்சு வச்சிருந்தா அரசாங்கம் காரணம் காட்டோணும் எண்டு 2001 ஸட்விடாஸ் தீர்ப்பில சுப்ரீம் கோர்ட் சொன்ன ஆறு மாசம் அதுதான். இன்னும் என்னத்துக்கு வச்சிருக்கினம்? மாமாவோட சத்தமாக் கதைச்சுப்போட்டன். கதைக்கத்தான் வேணும்.

மார்ச் 10
அதே இடம்.

மார்ச் 16
கையெழுத்துப் பக்கம் தபாலில வந்திட்டுது. பேரைப் பெரிய எழுத்தில, கோட்டுக்கு வெளியில போகாம, ஸ்கூல் பிள்ளை மாதிரி எழுதியிருக்கிறார். திகதிக்குப் பக்கத்தில பேனை அழுத்தி மை ஊறிக்கிடக்கு.

மார்ச் 17
அனுப்பியாச்சு.

மார்ச் 20
நித்திரை இல்லை. லோயர் அக்கா எண்டோ கேஸைப் பற்றிச் சொன்னவ. மிட்சுயே எண்டோ, ரெண்டாம் உலகப்போர் நேரம் அமெரிக்கா தன்ர நாட்டு ஜப்பான்காரரை முகாமில அடைச்ச காலம். மனு போட்டாப் பிறகு கலிபோர்னியாவில இருந்து யூட்டாவுக்கு மாத்திப்போட்டாங்கள். விடுறம் எண்டு சொல்லியும், கேஸ் செத்துப்போகும் எண்டு முகாமிலயே இருந்த பிள்ளை. 1944ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, ஆளை இடம் மாத்தினாலும் முதல் கோர்ட்டின்ர அதிகாரம் போகாது. ஆனா மனு பதிஞ்சிருக்கோணும். எங்கட கடிதம் இப்ப எந்தத் தபால் கந்தோரில கிடக்குதோ.

மார்ச் 24
கேஸ் நம்பர்!!! பதிஞ்சிட்டுது. இனி எங்க ஏத்தினாலும் ஏத்தட்டும்.

மார்ச் 27
பதில் சொல்லச்சொல்லி ஜட்ஜ் ஓர்டர் போட்டிட்டார். சட்டத்தில மூண்டு நாள், காரணம் காட்டினா 20 எண்டிருக்கு, கூடவும் குடுக்கிறவையாம். அண்ணா கேட்ட முதல் கேள்வி, அம்மாவுக்குச் சொல்லிட்டியோ. விலாசம் மாறினா கிளார்க்குக்கு உடனே எழுதோணும், இல்லாட்டி கேஸைத் தள்ளிவிடலாம் எண்டு பேப்பரில போட்டிருக்கு. அந்தக் கடிதத்தையும் இப்பவே எழுதி அவருக்கு அனுப்பப்போறன், விலாசத்துக்கு மட்டும் இடம் விட்டு.