சைக்கிளால் இறங்காத நாட்கள்

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்த சேர் காலமாகிவிட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது இங்கே கனடாவில், ஸ்காபரோவில் அதிகாலை. வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தேன். மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பழைய மாணவர் சங்கத்தில் மூன்று வருடமாகக் கேட்கிறார்கள், நானும் தட்டிக்கொண்டே வந்தேன். எழுதினால் இதைத்தான் எழுதவேண்டும் என்று எனக்குத் தெரியும், அதுதான் காரணம்.

எங்கள் பிரிவுக்காரருக்கு அவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை. சைவசமய பாடம், வெள்ளை நாஷனல் உடுப்பு, மத்தியான மணி அடித்த பிறகும் ஓயாத குரல். 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்கக் கந்தோர் வாசலில், சிங்களம் மட்டும் சட்டத்துக்கு எதிரான சத்தியாக்கிரகத்தில் குந்தியிருந்தவர் என்பதால் எங்களுக்கு அவர்மேல் தனி மரியாதை. 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்று அவர் எடுத்தால் கடைசி வாங்கில் தூங்குகிறவனும் நிமிர்ந்துவிடுவான். சமணத்தை விட்டுச் சைவத்துக்கு வந்த அப்பரைப் பிடித்துவரப் பல்லவ அரசன் அமைச்சர்களை அனுப்ப, அவர்கள் முகத்துக்கு நேரே பாடிய பாட்டு. பதினாறு வயதில் எங்களுக்கு அதற்குமேல் சமயம் தேவைப்படவில்லை. கொப்பி அட்டையில் அந்த வரியை எழுதி வைத்திருந்தோம்.

பிறகு 83 ஆடி, தமிழருக்கு எதிரான கலவரம். ஓகஸ்ட் 8ஆம் திகதி இலங்கை அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டை நேரடியாகவோ மறைமுகமாகவோ, நாட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ ஆதரிக்க மாட்டேன் என்று அரச ஊழியர்கள் சத்தியம் செய்யவேண்டும் என்றது சட்டம். தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.மார் மறுத்து ஆசனத்தை இழந்தார்கள். சேர் கையெழுத்து வைத்தார்.

அடுத்த பாடத்தில் நான் எழும்பினேன். "சேர், நாமார்க்கும் குடியல்லோம் எண்டு எங்களுக்குப் படிப்பிச்சுப்போட்டு நீங்கள் ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

வகுப்பு மூச்சுவிடவில்லை. பிரம்பு மேசையில்தான் கிடந்தது, அவர் அதைத் தொடவில்லை. கையிலிருந்த வெண்கட்டியைப் பெட்டிக்குள் வைத்தார், விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார், மணி அடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் வந்து தானாகவே சொன்னார். "நீங்கள் எல்லாரும் அந்தப் பாட்டை முதல் வரியோட நிப்பாட்டிறியள். கீழே 'மீளா ஆளாய்' எண்டு வருது, பாருங்கோ. சிவனுக்கு ஆளானவன் அரசனுக்கு ஆளில்லை, அவ்வளவுதான். ஆனா சேக்கிழார் அதோட விடேல்ல. அமைச்சர்மார் வணங்கிக் கேட்க, வாறது வரட்டும், எம்பிரான் இருக்கிறான் எண்டு அப்பர் கூடப் போனவர். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லோட கடல், எல்லாத்துக்கும் தன்ர உடம்பைக் குடுத்தவர். நான் குடுக்கவேண்டி இருந்தது என்ர பிள்ளையளின்ர சோறு. எனக்கு அந்தத் துணிவு வரேல்ல."

பல்லவன் சைவனானதும் சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் கோயில் கட்டினான் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். அரசன் எங்கள் பக்கம் வந்தவுடன் நாங்களும் இடித்தோம், அதையும் மறக்காதேங்கோ என்றார்.

அடுத்த அறையில் வேதக்காரப் பெடியன்களுக்கும் அந்தக் கிழமை இதே சண்டைதான். அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படி என்று ரோமருக்கு எழுதிய பவுல் ஒரு பக்கம், மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படியவேண்டும் என்று யூதரின் ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் நின்று சொன்ன பேதுரு மறுபக்கம். நாங்கள் எல்லாரும் பேதுருவின் பக்கம். எங்களில் ஒருவனுக்கும் அப்போது பிள்ளைகள் இல்லை.

வாத்தியாரை ஒழுங்கையில் கண்டால் சைக்கிளால் இறங்கி நிற்பது எங்கள் வழக்கம். அதற்குப் பிறகு நான் இறங்கவில்லை. அவர் வருவார், நான் பெடலை மிதித்துக்கொண்டு போவேன். ஊரை விட்டு வெளிக்கிடும்வரை அப்படித்தான். கடைசியாகக் கண்டபோது அவர்தான் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்.

1992இல் இங்கே குடியுரிமைச் சத்தியம் செய்தேன். மகாராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று வலது கையைத் தூக்கிக்கொண்டு சொன்னேன். பக்கத்தில் என் மகள், மூன்று வயது, என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இலக்கம் தேடி அவரோடு பேச 2003 ஆகிவிட்டது, சமாதான காலம். குரல் மெலிந்திருந்தது. பெயரைச் சொன்னதும் "ஓம், கேள்வி கேட்டவன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்க, "அந்தத் திருத்தாண்டகம் முழுக்கப் பாடமோ?" என்று கேட்டார். முதல் இரண்டு வரிதான் எனக்கு வந்தது. பரவாயில்லை என்று அவரே பாடத் தொடங்கினார், இடையிடையே மூச்சு வாங்கி, இருமி, மறுபடி விட்ட இடத்திலிருந்து. 'தாமார்க்கும் குடியல்லாத் தன்மையான' என்ற இடத்துக்கு வந்தபோது ரெலிபோன் காட் முடிந்து லைன் அறுந்தது.

கடை பக்கத்தில்தான் இருந்தது. ஐந்து டொலருக்கு இன்னொரு காட் வாங்கி அன்றைக்கே எடுத்திருக்கலாம்.