ஐப்பசி மழைக்கு முன் ஒரு வடிகட்டித் தொட்டி: திட்ட மேலாண்மை வகுப்பு நாட்குறிப்பு

7 ஜூலை 2025, திங்கள்

நாகர்கோவில் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்களுக்கான புராஜெக்ட் மேனேஜ்மென்ட் அறிமுக வகுப்பு தொடங்கியது. பி.காம், பி.சி.ஏ., இயற்பியல் என்று கலந்த கூட்டம். எல்லோருக்கும் ஒரே பயிற்சி: விடுதி மொட்டைமாடியில் விழும் மழைநீரை வடிகட்டி, வளாகத்துக் கிணற்றில் சேர்ப்பது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிய வேண்டும்.

முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு தாளில் திட்டம் எழுதச் சொன்னால் பெரும்பாலானோர் முதல் வரியிலேயே தேதி போடுகிறார்கள். ‘ஆகஸ்ட் 4 தொடக்கம், ஆகஸ்ட் 20 முடிவு.’ இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மாற்ற வேண்டும். எதை ஒப்படைக்கப் போகிறோம், அதற்கு என்னென்ன வேலை, எது முடிந்தால் எது தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், யார் செய்வது என்று வரிசையாகப் போனால் தேதி தானாகக் கடைசியில் வந்து நிற்கும். முன்கூட்டியே போட்ட தேதி வெறும் ஆசை.

‘மழைநீர் சேகரிப்பு அமைத்தல்’ என்ற வரியை வைத்து வேலை முடிந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. அளக்கும்படி எழுத வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். மாடி 200 சதுர மீட்டர். மணிக்கு 25 மி.மீ. மழைக்கு 5,000 லிட்டர். தெறிப்பதும் தளத்தில் ஊறுவதும் கழித்து 85 சதவீதம் எடுத்தால் 4,250 லிட்டர். ஆகவே வேலை எல்லை, அதாவது எதைச் செய்து தரப் போகிறோம் என்ற வரையறை, இப்படி: ‘மணிக்கு 4,250 லிட்டர் வந்தாலும் தொட்டி வழியாமல் வடிகட்டிக் கிணற்றுக்கு அனுப்ப வேண்டும்.’ கூடவே இன்னொரு பத்தி, எவை இதில் சேராது என்று: கிணறு தூர்வாருதல், தோட்டத்துக் குழாய், மேல்தொட்டி பழுது. இரண்டாவது பத்தியை எழுதாமல் விடுபவர்களே பிறகு அதிகம் அவதிப்படுவார்கள்.

வேலை எல்லை, நேரம், பணம் மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே உதாரணம் நிற்கிறது. கன்னியாகுமரி வள்ளுவர் சிலை 133 அதிகாரத்துக்கு 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்குப் பீடம் 38 அடி, சிலை 95 அடி. இதில் ஓர் அடியைக் கூடக் குறைக்க வழியில்லை. அடிக்கல் 1979, வேலை தொடங்கியது 1990, திறப்பு 1-1-2000. எல்லையை அசைக்க முடியாத வேலையில் அசையக்கூடியவை நேரமும் பணமும்தான்.

10 ஜூலை, வியாழன்

வேலையைப் பிரித்தல். வகுப்பின் ஆணிவேர் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. இரண்டு மணி நேரமும் இதற்கே போனது.

மாணவர்கள் ஆள்வாரியாகப் பிரிக்கிறார்கள்: இவன் குழாய், அவள் கணக்கு. ஆள் மாறினால், மரம்போல் கிளை பிரித்து எழுதிய பட்டியல் முழுவதும் சாய்ந்துவிடும். பொருள்வாரியாகப் பிரிப்பதே சரி: மாடி, இறங்கு குழாய், வடிகட்டித் தொட்டி, கிணற்று இணைப்பு, அனுமதியும் கணக்கும், ஒப்படைப்பு. ஒவ்வொரு கிளையின் கீழுள்ள துண்டுகளைக் கூட்டினால் மேலே உள்ளது முழுமையாக வர வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எங்கே நிறுத்துவது? ஒரு துண்டுக்கு ஒரே பொறுப்பாளர், நாள் கணக்குச் சொல்ல முடியும், முடிந்ததா இல்லையா என்று போய்ப் பார்க்க முடியும் என்ற இடத்தில்.

தொட்டியை மட்டும் எடுத்து ஆழமாகப் பார்த்தோம். உள்ளளவு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஆழம் ஒரு மீட்டர். கீழே 25 செ.மீ. 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 25 செ.மீ. 20 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 25 செ.மீ. பருமணல், இடையிடையே நைலான் வலை, மேலே 25 செ.மீ. வெற்றிடம். தண்ணீர் மேலே நுழைந்து அடியில் வெளியேறும்.

‘குழி தோண்டுதல், ஒரு கன மீட்டர்’ என்று பெரும்பாலான தாள்களில் இருந்தது. சுவர் இருபுறமும் 23 செ.மீ.; வெளியளவு 1.46 மீட்டர். கொத்தனார் கை வைக்கச் சுற்றிலும் 15 செ.மீ. விட்டால் 1.76, அதாவது 1.8 மீட்டர். அடியில் 15 செ.மீ. கான்கிரீட் சேர்த்து ஆழம் 1.2 மீட்டர். பெருக்கினால் 3.9 கன மீட்டர். எழுதியதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. தோண்டிய மண் உப்பி ஐந்து கன மீட்டர் அளவுக்குக் குவியும். அதை எங்கே போடுவது என்ற வரி ஒரு தாளிலும் இல்லை. குழி விளிம்பிலேயே குவித்தால் முதல் மழையில் பாதி உள்ளே சரியும். ஒரு மீட்டராவது தள்ளிப் போட வேண்டும்.

எப்போதும் விடுபடும் துண்டுகள் நான்கு: மண் அகற்றல், ஜல்லி மணல் கழுவுதல், கியூரிங் (கட்டியது இறுகும்வரை தினமும் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்தல்), ஒப்படைப்பு. கழுவாத மணலைக் கொட்டினால் முதல் வாரமே கிணறு கலங்கும்.

14 ஜூலை, திங்கள்

வரிசையும் கிரிட்டிக்கல் பாத்தும், அதாவது ஒன்று தாமதித்தாலும் முடிவு தேதியைத் தள்ளிவிடும் வேலைகளின் தொடர். இந்தக் கணக்கு முறை 1957-இல் டூபாண்ட் நிறுவனத்தில் உருவானது; அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக, நாள் கணக்கை மூன்று மதிப்பீடுகளில் இருந்து எடுக்கும் பெர்ட் முறையை உருவாக்கியது. விடுதித் தொட்டிக்கும் அதே கூட்டல் கழித்தல்தான்.

கரும்பலகையில் எழுதியவை: அளவெடுத்தல் 2 நாள். வரைபடம் 2, அதன்பின் முதல்வர் அனுமதி 3. அனுமதிக்குப் பிறகு கொட்டேஷன் 4, பொருள் வந்து சேர 2. அனுமதிக்குப் பிறகே குழி தோண்டலும், 2. குழியும் பொருளும் தயாரானபின் தொட்டி கட்ட 4. பிறகு கியூரிங் 7. ஜல்லி, மணல் நிரப்ப 1. பொருள் வந்ததும் மாடிக் குழாய் பொருத்தல் 3. நிரப்பலும் குழாயும் முடிந்தபின் இணைத்துச் சோதிக்க 2. ஒப்படைக்க 1.

முன்னோக்கிக் கூட்டினால் 28 நாள். பின்னோக்கிக் கழித்தால் தளர்வு, அதாவது முடிவு தேதி நகராமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாம் என்பது, தெரியும்: குழி தோண்டலுக்கு 4 நாள், மாடிக் குழாய்க்கு 9 நாள், மற்ற எதற்கும் இல்லை. ஆக, பிளம்பர் ஒரு வாரம் தாமதித்தாலும் முடிவு தேதி நகராது. கொட்டேஷன் ஒரு நாள் தாமதித்தாலும் நகரும். தொலைபேசியை யாருக்கு முதலில் எடுக்க வேண்டும் என்பதை இந்த வரைபடம் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு வேலையின் நாட்களையும் பட்டையாகக் காட்டும் பட்டை வரைபடத்தை மட்டும் வரைபவர்களுக்கு இது தெரியாமலே போகும்.

கியூரிங்கைச் சிலர் பூஜ்யம் நாளாக எழுதினார்கள், ‘அன்றைக்கு யாருக்கும் வேலையில்லையே’ என்று. ஆள் தேவைப்படாத வேலையும் நேரத்தைத் தின்னும். அதிலும் தினமும் தண்ணீர் ஊற்ற ஒருவர் பெயர் எதிரே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊற்றாமல் விட்ட பூச்சில்தான் மயிரிழை வெடிப்பு வரும்.

16 ஜூலை, புதன்

‘எத்தனை நாள் ஆகும்?’ என்ற கேள்விக்கு ஒற்றை எண் பதிலாக வரக் கூடாது. அனுமதிக்கு நல்லபடி நடந்தால் 2, வழக்கமாக 3, கோப்பு மேசையில் சிக்கினால் 10. பெர்ட் கணக்கில் வழக்கமானதை நான்கால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 4 நாள். அட்டவணையில் 3 போய் 4 ஆனது, மொத்தம் 29.

சுருக்க வழி இரண்டு. ஆளையோ பணத்தையோ கூட்டுவது ஒன்று. அடுத்தடுத்துச் செய்வதை ஒரே நேரத்தில் செய்வது மற்றொன்று. கூடுதல் கொத்தனார் வந்தாலும் கியூரிங் சுருங்காது. ஒரு மீட்டர் தொட்டிக்குள் மூன்று பேர் நின்று கட்டவும் முடியாது. இரண்டாவது வழி பலித்தது: வரைபடம் முடிந்ததுமே, அனுமதிக்குக் காத்திராமல் கொட்டேஷன் கேட்பது. பணம் கொடுப்பது மட்டும் அனுமதிக்குப் பிறகு. மொத்தம் 25.

ஆனால் விலை உண்டு. இப்போது அனுமதி, கொட்டேஷன் இரண்டும் 8-ஆம் நாள் முடிகின்றன. குழியும் பொருளும் 10-ஆம் நாள். முன்பிருந்த 4 நாள் தளர்வு முழுவதும் போய்விட்டது. அனுமதி ஒரு நாள் தாமதித்தால் எல்லாம் ஒரு நாள் தள்ளும். நான்கு நாளைச் சம்பாதித்தோம் என்று மகிழ்வதற்கு முன் இதைப் பார்க்கச் சொன்னோம்.

17 ஜூலை, வியாழன்

இன்றுதான் காலண்டரை மேசையில் விரித்தோம். ஆகஸ்ட் 4 தொடக்கம், வாரம் ஆறு நாள். 15 சுதந்திர தினம், 16 கிருஷ்ண ஜெயந்தி, 27 விநாயகர் சதுர்த்தி விடுமுறை. பத்தாவது நாள் ஆகஸ்ட் 14. அன்று சிமெண்ட் வந்து இறங்கும். 15, 16, 17 மூன்று நாளும் ஆள் இல்லை. சாரல் அடிக்கும் வராந்தாவில் மூட்டையை வெறுந்தரையில் அடுக்கினால் 18-ஆம் தேதி கட்டி பிடித்திருக்கும். மரச்சட்டத்தின் மேல், சுவரை விட்டுத் தள்ளி, தார்ப்பாய் மூடி வைக்க வேண்டும். அல்லது சிமெண்டை மட்டும் 18 காலை இறக்கச் சொல்லலாம், அதுவே மேல்.

தொட்டி 18 முதல் 21 வரை. கியூரிங் விடுமுறையிலும் நடப்பதால் 22 முதல் 28 வரை நாட்காட்டிக் கணக்கில். 29 நிரப்பல், 30-உம் செப்டம்பர் 1-உம் சோதனை, 2 ஒப்படைப்பு. ஓணம் செப்டம்பர் 5. மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் அந்த வாரம் ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால், இருக்கிற இடைவெளி இரண்டே நாள்.

21 ஜூலை, திங்கள்

பணம். பயிற்சிக்கான பட்ஜெட் 40,000 ரூபாய். மேலிருந்து பங்கு போடாமல், பிரித்த துண்டு ஒவ்வொன்றுக்கும் விலை போட்டுக் கீழிருந்து கூட்ட வேண்டும்.

ஒவ்வொரு அடுக்குக்கும் 0.25 கன மீட்டர், சுமார் 9 கன அடி. மூன்றுக்கும் 27 கன அடி. ஜல்லியும் மணலும் யூனிட் கணக்கில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. ‘மூன்று வகை, தலா ஒரு யூனிட்’ என்று எழுதியவர்கள் முந்நூறு கன அடி வாங்கி, பெரும்பகுதியை விடுதி வாசலில் விட்டிருப்பார்கள். இதைச் சாக்குக் கணக்கில் வாங்குவதே சரி.

மூன்று கடையில் விலை கேட்டால் மூன்றும் ஒரே பொருளுக்காக இருக்க வேண்டும். ‘பிவிசி குழாய்’ என்று மட்டும் கேட்டால் ஒருவர் 4 கிலோ அழுத்தக் குழாய்க்கும் இன்னொருவர் 6 கிலோவுக்கும் விலை சொல்வார். 110 மி.மீ., எத்தனை கிலோ, ஜிஎஸ்டி சேர்த்தா தனியா, வண்டி வாடகை, இறக்குக்கூலி யாருடையது, விலை எத்தனை நாள் செல்லும் என்று எல்லாம் கேட்கும் தாளிலேயே இருக்க வேண்டும். எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் தனி வரி. அதை எடுக்க யார் கையெழுத்து என்பதும் அங்கேயே.

23 ஜூலை, புதன்

இடர்ப் பட்டியலில் ‘மழை’ என்று ஒற்றைச் சொல் எழுதினால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் வேண்டும்: ‘தென்மேற்குப் பருவமழை ஆகஸ்டிலும் நீடித்தால், திறந்த குழியில் தண்ணீர் தேங்கி, அடிக் கான்கிரீட் இரண்டு நாள் தள்ளும்.’ நடக்கும் வாய்ப்புக்கு மதிப்பெண் 3, பாதிப்புக்கு 4, பெருக்கினால் 12. எதிரே செய்கை: குழியைச் சுற்றி மண்வரப்பு, தார்ப்பாய், அரை எச்.பி. பம்பு முந்தின நாளே ஏற்பாடு. பொறுப்பு ஒருவர். இருவர் பெயர் எழுதினால் ஒருவரும் வர மாட்டார்.

மாற்றக் கோரிக்கையும் இன்றே. விடுதிக் காப்பாளர் வந்து, ‘தம்பி, அப்படியே வாழைக்கும் ஒரு குழாய் இழுத்துரு’ என்பார். மறுக்கவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். ‘சரி சார், எத்தனை நாள், எவ்வளவு செலவுன்னு பார்த்து நாளைக்கு எழுதிக் கொண்டுவாறேன்’ என்பதே சரியான பதில். கேட்டவர், என்ன, கூடும் நாள், கூடும் பணம், சம்மதித்தவர் என ஐந்து கட்டம் கொண்ட ஒரு தாள் போதும். வாட்ஸப் குழுவில் வாய்ஸ் மெசேஜாகக் கிடக்கும் சம்மதம் பில் கொடுக்கும் நாளில் கைகொடுக்காது.

28 ஜூலை, திங்கள்

கண்காணிப்பு. ‘90 சதவீதம் முடிஞ்சுது சார்’ என்ற பதிலுக்கு இடம் தரக் கூடாது. ஒரு துண்டு தொடங்கினால் பாதி, முடிந்து பார்த்தபின் மீதிப் பாதி. நடுவில் எண் கிடையாது.

பயிற்சிக் கணக்கு: இன்றைக்குள் 20,000 ரூபாய் பெறுமான வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 15,000 பெறுமானம். செலவானது 18,000. முடிந்ததைத் திட்டமிட்டதால் வகுத்தால் 0.75, வேகம் குறைவு. முடிந்ததைச் செலவால் வகுத்தால் 0.83, பணமும் கசிகிறது. இதே போக்கில் போனால் 40,000-ஐ 0.83-ஆல் வகுத்து, ஏறத்தாழ 48,000-இல் முடியும். வெறும் வரவு செலவு நோட்டைப் பார்ப்பவர், ‘இருபதாயிரத்தில் பதினெட்டாயிரம்தான் ஆகியிருக்கிறது’ என்று நிம்மதியாக இருந்திருப்பார்.

மென்பொருள் பற்றி நிறையக் கேட்டார்கள். இந்த அளவு வேலைக்கு கூகுள் ஷீட் போதும். வரைபடம் வேண்டுமானால் இலவசமாகக் கிடைக்கும் கான்ட்புராஜெக்ட்.

30 ஜூலை, புதன்

ஒப்படைப்பு. மழைக்குக் காத்திராமல் சோதிக்கலாம்: மாடியில் 1,000 லிட்டர் தொட்டியை 15 நிமிடத்தில் திறந்துவிட்டால், அது மணிக்கு 4,000 லிட்டர், எல்லையில் எழுதிய அளவுக்கு நெருக்கம். தொட்டி வழிகிறதா, கிணற்றில் விழும் தண்ணீர் எத்தனையாவது நிமிடத்தில் தெளிகிறது என்று குறிக்க வேண்டும்.

தாள்களில் கட்டியபடி வரைந்த படம் இருக்க வேண்டும், முதலில் வரைந்தது போதாது. மண்ணுக்குள் குழாய் எங்கே திரும்புகிறது என்று அடுத்து தோண்டுபவருக்குத் தெரிய வேண்டும். இந்த மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம் என்பதால் பராமரிப்பும் இரண்டு முறை: மே கடைசி வாரம், அக்டோபர் முதல் வாரம். மாடியைக் கூட்டி, மேல் மணலில் ஐந்து செ.மீ. எடுத்துக் கழுவிப் போட்டு, வலையை மாற்ற வேண்டும். பொறுப்புக் கட்டத்தில் ஆள் பெயருக்குப் பதில் பதவியின் பெயர். மாணவர்கள் அடுத்த ஆண்டு இருக்க மாட்டார்கள். காப்பாளர் சோதனையைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் பிடித்து வைத்த மீதித் தொகை.