குறிப்பேடும் பேரேடும்

பெயர்ந்துபோன ஆத்தங்குடிக் கல்லின் மேல் அளவு நாடாவை வைத்துக் கொத்தனார் எடுத்த படம், இன்று காலை ஸ்லாக் என்ற குழு உரையாடல் செயலியில், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக நாங்கள் வைத்திருக்கும் சேனல்களில் ‘தரை’ என்பதில் வந்திருந்தது.

அதன் கீழேயே பினாங்கிலிருக்கும் பங்காளி அண்ணன், “ஓரக்கல்லா, நடுக்கல்லா?” என்று கேட்டிருந்தார். அடுத்துக் கொத்தனாரின் குரல்பதிவு, சென்னையிலிருந்து அக்காவின் ஒப்புதல். ஒரு கல்லைப் பற்றிய பேச்சு முழுவதும் அந்தக் கல்லோடேயே இருந்தது.

காரைக்குடியில் எங்கள் பொதுவீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கியதிலிருந்து ஒரே கைபேசிக் குழுவில்தான் எல்லாவற்றையும் பேசி வந்தோம். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே ஓட்டுக் கணக்கும் தூணின் அளவும் புதைந்துபோக, கேட்டதையே மூன்று முறை கேட்டுக்கொண்டிருந்தோம்.

2014-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஸ்லாக், ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிய குழு தன் உள்வேலைக்காகச் செய்துகொண்ட கருவி. எங்களுக்கோ பத்து நாள் பழக்கம்தான். ஆனால் இதன் முறை புதிதாகத் தோன்றவில்லை.

எங்கள் தாத்தாவான ஐயா, அன்றன்று நடந்ததைக் குறிப்பேட்டில் எழுதிப் பிறகு அவரவர் பெயரில் பேரேட்டில் ஏற்றுவார்; எந்தக் கணக்கைக் கேட்டாலும் அந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவார். இத்தனை நாள் எங்களிடம் குறிப்பேடு மட்டுமே இருந்திருக்கிறது.

எங்கள் பாட்டியான ஆயா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “இது வளவில் உள்ள நடுக்கல்லப்பா” என்றார். அதையும் அங்கேயே எழுதிவைத்தேன்.

நாளை ‘ஓடு’ என்றொரு சேனல் தொடங்க வேண்டும். மழைக்கு முன் முகப்பைப் பிரித்து மேய வேண்டியிருக்கிறது.