பீப்பா சாம்பிள், ஏப்ரல்

ஏப்ரல் 5
பிரான்ஸ்ல பர்கண்டில ஒயின் பண்ற தம்பி, பீப்பால இருந்து எடுத்த சாம்பிள் பாட்டிலெல்லாம் ருசி பாத்துச் சொல்லுன்னு விட்டுட்டு நேத்து ராத்திரி ஃபிளைட் ஏறிட்டான். மூணு சின்ன பாட்டில், ஃபிரிட்ஜ்ல கீழ் தட்டுல. எனக்கு மூக்கு சுத்தமா அடைப்பு.

ஏப்ரல் 7
ஜுரம் விட்டுது, வாசனை வரல. பெருங்காய டப்பாவத் திறந்து மூக்குகிட்டயே வச்சேன், ஒண்ணுமே தெரியல. பீப்பால இருந்து நேரா எடுத்த ஒயின் ரொம்ப நாள் தாங்காது, காத்துப் பட்டா மங்கிடும், அவன் விளிம்பு வரைக்கும் நிரப்பித்தான் மூடியிருக்கான், இருந்தாலும் நாள் ஓடுதே.

ஏப்ரல் 8
பெருங்காயம் லேசா தெரிஞ்சுது!!

ஏப்ரல் 10
முதல் பாட்டில். பெட்ரூம்ல ஏசி போட்டு, அடையாறு வெயிலுக்கு பாட்டில் கண்ணாடி முழுக்க வேர்த்து, அது அடங்கற வரைக்கும் காத்திருந்தேன். இது பினோ நுவார்ங்கற சிவப்பு ஒயின் திராட்சை, தோல் மெல்லிசு, அதனால நிறம் வெளுப்பாத்தான் இருக்கும், கிளாஸுக்குப் பின்னாடி விரல் தெரிஞ்சுது. ஆனா மோந்ததும் அழுகின முட்டை நாத்தம். பயந்துட்டேன். அப்பறம் செப்பு டம்ளர்ல ஊத்தி ஒரு சுழட்டு சுழட்டி திரும்ப கிளாஸ்ல விட்டேன். போயிடுச்சு! புளிப்புச் செர்ரி, ஈர மண்ணு, அவ்வளவு சுத்தமா. முட்டை நாத்தம், செம்பு பட்டதும் போகுதுன்னா அது அனேகமா ஹைட்ரஜன் சல்ஃபைடு, பீப்பாவுல அடி மண்டியோட காத்தில்லாம கிடந்ததால வந்திருக்கும், ஒயின் கெட்டுப்போகல. நாக்குல குறுகுறுன்னு கேஸ், பச்சை ஆப்பிள் புளிப்பு. அந்தப் புளிப்பத் தர்ற மாலிக் அமிலம் இன்னும் முழுசா மென்மையான லாக்டிக் அமிலமா மாறல. இப்ப பீப்பா மாத்தாதடா, மாலிக் மாறி முடியட்டும், அப்பறம் காத்துப் படற மாதிரி மாத்துன்னு மெசேஜ் போட்டேன். பதில் இல்ல.

ஏப்ரல் 11
வெள்ளிக்கிழமை, கீழ் வீட்ல சாம்பிராணி. இன்னிக்கு பாட்டில் திறக்க முடியாது.
பர்கண்டில போன்ங்கற (Beaune) ஊர்ல வருஷா வருஷம் நவம்பர்ல ஹோஸ்பிஸ் த போன்னு ஒயின் ஏலம் நடக்கும், 1859ல ஆரம்பிச்சது. புளிச்சு சில வாரமே ஆன ஒயின பீப்பாவோட விலை பேசுவாங்க. அந்த வயசுல அதப் பாத்து பத்து வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்னு சொல்ற நாக்கு எனக்கு வேணும், வேற எதுவும் வேணாம்.

ஏப்ரல் 12
ரெண்டாவது பாட்டில், புது ஓக் மரப் பீப்பாவுல இருந்தது. வெனிலா, கிராம்பு, வறுத்த வாசனை, ஈறெல்லாம் வறண்டு போச்சு. துப்பிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன், பழம் திரும்பி வருமான்னு. வரல. 2024 பர்கண்டில மழையும் பூஞ்சையும் அடிச்ச வருஷம், பழமே கம்மி, ஒயினும் மெல்லிசு. 228 லிட்டர் புது பீப்பாவ இது தாங்காது. தனியா பாட்டில் பண்ணாத, பழைய பீப்பா ஒயினோட கலந்துடுன்னு சொல்லணும். அவனுக்கு மனசு கஷ்டப்படும், அந்த பீப்பா அவனா தேடி எடுத்தது. ஆனாலும் சொல்லணும்.

ஏப்ரல் 13
"அக்கா, மூணாவது?"ன்னு மட்டும் கேட்டிருக்கான். அது திராட்சைக் கொத்தத் தண்டோட புளிக்க வச்சது. காலையில காபி குடிக்கறதுக்கு முன்னாடி திறக்கறேன்.