விச்சிட்டாவில் ஒரு லைன்மேன்

மார்ச் 4, செவ்வாய்

நேற்று இரவிலிருந்து ஒரே பாட்டு. அமெரிக்கப் பாடகர் கிளென் கேம்பல் 1968-இல் பாடிய 'விச்சிட்டா லைன்மேன்'. ஏழெட்டுத் தடவை ஓடியிருக்கும். லைன்மேன் என்றதும் எனக்கு மின்வாரியக்காரர்தான் நினைவுக்கு வந்தார். பாட்டை எழுதிய ஜிம்மி வெப் பார்த்ததோ தொலைபேசிக் கம்பத்தின் உச்சியில் தனியாக இருந்த ஓர் ஆளை. ஓக்லஹோமாவில் வளைவே இல்லாத சாலையில் கார் ஓட்டிப் போகும்போது. கண்ணில் பட்டு மறைகிற நேரம்தான்.

மார்ச் 6, வியாழன்

பாட்டில் இரண்டு சரணங்களோடு கதை நின்றுவிடுகிறது. மூன்றாவது எங்கே என்று தேடினால், அது எழுதப்படவே இல்லை. வெப் எழுதி கேம்பல் பாடிய 'ஃபீனிக்ஸ்' பாட்டு பெயர் வாங்கித் தந்ததும், ஊர்ப்பெயர் வருகிற மாதிரி இன்னொன்று வேண்டும் என்று கேம்பல் போன் பண்ணியிருக்கிறார். வெப் அன்றே உட்கார்ந்து எழுதி, இன்னும் முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். பதில் வரவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டார். பிறகு நேரில் கேட்டால், பதிவே முடிந்திருந்தது!

சரணம் இல்லாத இடத்தில் கேம்பல் இடையிசை வைத்துவிட்டார். கூட வாசித்த கேரல் கேயின் ஆறு கம்பி டேனெலெக்ட்ரோ பேஸ் கிட்டாரை இரவல் வாங்கி, பாட்டின் மெட்டையே கீழ்ச் சுருதியில் வாசித்தார். வித்தை காட்டும் வாசிப்பே இல்லை. பேச வார்த்தை கிடைக்காதவன் முனகுவது போல இருக்கும். தொலைபேசிக் கம்பியில் ஓடும் ஒலிக்காக வெப்பின் ஆர்கனையும் ஸ்டூடியோவுக்குத் தூக்கி வந்தார்கள்.

என் பழைய கிட்டாரில் முயன்றேன். சுரம் எல்லாம் சுலபம். அந்த நிதானம்தான் வர மாட்டேன் என்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

கேம்பல் அர்கன்சா மாநிலத்தில் டிலைட் என்ற ஊர்ப்பக்கம் 1936-இல் பிறந்தவர். வீட்டில் 12 பிள்ளைகள். முதல் கிட்டார் ஐந்து டாலர். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ஆனாலும் லாஸ் ஏஞ்சலஸில் யார் பாடினாலும் பின்னால் வாசிக்கிற கூட்டத்தில் இவர் இருந்தார், பெரிய பாடகரான ஃபிராங்க் சினாட்ராவுக்கும் வாசித்திருக்கிறார்.

நாட்டுப்புறத்து கன்ட்ரி பாட்டோடு நகரத்து வயலின்களைச் சேர்த்துவிட்டார் என்று அன்று சிலருக்குக் கோபம். எனக்கு அது வியாபாரக் கலப்படமாகத் தெரியவில்லை. எல்லா வகைப் பாட்டுக்கும் கூலிக்கு வாசித்தவருக்கு வேலி எங்கே தெரியும்? 1968 கிராமி விழாவில் நான்கு விருதுகள்: இரண்டு கன்ட்ரிக்கு, இரண்டு பாப்புக்கு. 1975-இல் 'ரைன்ஸ்டோன் கௌபாய்' பாட்டு கன்ட்ரி, பாப் இரண்டு பட்டியலிலும் முதலிடம். (அதை இரண்டு தடவைக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.) அப்புறம் குடி, கொக்கெய்ன். 2003-இல் குடித்துவிட்டுக் கார் ஓட்டிக் கைதானது எந்த ஊரில் தெரியுமா? ஃபீனிக்ஸில்.

மார்ச் 15, சனி

2011-இல் தனக்கு அல்சைமர் என்ற மறதி நோய் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டு விடைபெறும் பயணம் கிளம்பினார். 151 கச்சேரிகள். மேடையில் பாட்டு வரிகள் திரையில் ஓடின. பக்கவாத்தியத்தில் அவர் பிள்ளைகள் மூவர். மகள் ஆஷ்லி பாஞ்சோ என்ற கம்பி வாத்தியம் வாசிக்க, அப்பா கிட்டாரில் பதில் கொடுப்பார். நினைவு போனாலும் விரல்கள் மறக்கவில்லை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். கடைசிக் கச்சேரிகளில் கிட்டாரும் தடுமாறியது.

2013 ஜனவரியில் கடைசிப் பாட்டைப் பதிவு செய்தபோது, பழைய ஸ்டூடியோ சகாக்கள் சிலர் வந்து வாசித்தார்கள். உன் பிரிவு என்னை வாட்டாது, ஏனென்றால் எனக்கு நீ யாரென்றே தெரியாது என்று மனைவியிடம் சொல்கிற பாட்டு. ஒரு தடவை கேட்டேன், போதும். 2017 ஆகஸ்ட் 8 அன்று நாஷ்வில்லில் இறந்தார். வயது 81.

இன்று வாசிக்கும்போது நாலாவது கம்பி அறுந்துவிட்டது. கடை திங்கள்கிழமைதான் திறக்கும்.